மீசாலையிலிருந்து திரும்பிய வண்டி

யாழ்ப்பாண நகரிலிருந்து கண்டி வீதியாற் புறப்படுவோர், அரியாலையைக் கடந்து செம்மணி வெளியை அடைந்ததும் ஊர்கள் பின்தங்கிவிடுவதைக் காண்பர். மதில்களும் வேலிகளும் முடிவுற, இருமருங்கும் நீரும் வானுமே எஞ்சி நிற்கும். மாரி காலத்தில் வெளியெங்கும் வெள்ளம் பரந்து கிடக்கும். கோடையில் வெடித்த நிலத்தின்மேல் உப்புப் பூத்திருக்கும். அவ்வெளியை ஊடறுத்துச் செல்லும் வீதி, நாவற்குழிப் பாலத்தைத் தாண்டியதும் தென்மராட்சிக்குள் நுழைகிறது. வலிகாமத்தின் செம்மண் அங்கு இல்லை. மணற்பாங்கான நிலமும், தென்னையும் மாவும் பலாவும் செறிந்த வளவுகளும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருவன. கைதடியையும் சாவகச்சேரியையும் கடந்தால் மீசாலை. எங்கள் கோண்டாவிலிலிருந்து அவ்வூர் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் தூரம்.

2024ஆம் ஆண்டு தை மாதந் தொடங்கி ஆவணி வரையில் சனிக்கிழமைதோறும் நான் இவ்வழியே சென்று வந்தேன். பாடசாலை ஆசிரியன் ஒருவனுக்கு ஓய்வு நாளில் மீசாலையில் என்ன வேலை என்று அயலவர் கேட்டனர். மாம்பழ வியாபாரமோ என்று நகைத்தவரும் உண்டு. உண்மை யாதெனில், அங்கே ஒரு தகரக் கொட்டிலில் எங்கள் குடும்பத்தின் மோட்டார் வண்டியொன்று 28 ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. அதனை ஓடச் செய்து வீட்டுக்குக் கொண்டுவருவதே என் வேலை.

அவ்வண்டி ஒரு மொறிஸ் மைனர். அதிலும் மேற்கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடத்தக்க திறந்த வகையைச் சேர்ந்தது. மலாயாவில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறி வந்த என் பாட்டனார் 1959ஆம் ஆண்டில் அதனைப் புதிதாக வாங்கினார். தகரக் கூரையுள்ள வண்டிகளையே கண்டு பழகிய ஊரவர், “பென்சன்காரருக்குக் கூரை வாங்கக் காசு போதவில்லைப் போலும்” என்று பரிகசித்தனராம். பாட்டனாருக்கோ மாலைக் காற்று முகத்திலே படவேண்டும். அம்மம்மாவுக்கு அது சிறிதும் பிடிக்காது. வண்டியில் ஏறும்போதே சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் மூடிக்கொண்டு, “ஹூட்டைப் போடுங்கோ, பனி பிடிக்கும்” என்பார். துணிக் கூரையை ஹூட் என்றே அக்காலத்தில் அனைவரும் வழங்கினர். பாட்டனாருக்குப் பின் வண்டி என் அம்மானுடைய கைக்கு வந்தது. அம்மம்மாவின் அந்தச் சொல் மட்டும் மாறவில்லை.

இவ்விடத்தில் அவ்வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறுதல் மாணவர்க்குப் பயன்படும். மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதே, சாதாரண வருவாயுடைய குடும்பங்களுக்கு ஏற்ற சிறிய வண்டியொன்றை உருவாக்க அவர் முயன்றார். மாதிரி வண்டி ஆயத்தமான பின்பு அது மிக ஒடுங்கியதாக அவருக்குத் தோன்றியது. உடனே அதனை நெடுக்காக இரண்டாக அறுப்பித்து, இரு பாதிகளையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். எந்திர மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் அடையாளமே. 1948ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் வண்டி வெளிவந்தது. மூடிய வகையும் திறந்த வகையும் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்தன. 1960ஆம் ஆண்டு திசெம்பரில் பத்து இலட்சமாவது மொறிஸ் மைனர் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. பிரித்தானிய வண்டிகளுள் அந்த எண்ணிக்கையை முதன்முதலில் எட்டியது இதுவே. திறந்த வகையின் உற்பத்தி 1969இல் நின்றது. எங்கள் வண்டி 948 கன சென்ரிமீற்றர் எந்திரமுடையது.

இலங்கையில், சிறப்பாக யாழ்ப்பாணத்தில், இவ்வண்டிகள் நெடுங்காலம் நிலைத்திருந்தமைக்குக் காரணம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் வண்டிகளின் இறக்குமதி பெரிதும் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, உள்ள வண்டியைப் பேணுவதன்றி மக்களுக்கு வேறு வழியில்லை. ஏனைய பகுதிகளில் அதன்பின் புதிய வண்டிகள் பெருகின. வடக்கிலோ போர் சூழ்ந்தது. 1990ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள், பற்றறி முதலியன வருவதும் தடைப்பட்டது. அந்நாளில் நம்மவர் மண்ணெண்ணெயில் வண்டியோட்டினர். சிறு குப்பியிலே பொன்போற் காத்து வைத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு எந்திரத்தை உயிர்ப்பித்து, அது சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். குளிர்ந்த எந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதே இதற்குக் காரணம். பின்னால் வெண்புகை எழும், ஊரே மணக்கும். ஆயினும் நோயாளி வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். மணப்பெண் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். எங்கள் மைனரும் அவ்வாறே ஐந்தாண்டுகள் ஓடியது.

நிற்க, அது மீசாலைக்குப் போன கதையைச் சொல்லவேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி மாலை, வலிகாமத்து மக்கள் யாவரும் வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் வந்தது. அப்போது எனக்கு வயது பதினைந்து. ஊர் முழுவதும் ஒரே வேளையில் வீதிக்கு வந்தது. இலட்சக்கணக்கானோர் செம்மணி வழியாகவும் கோப்பாய் வழியாகவும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தனர். அம்மானின் வண்டியில் அம்மம்மாவும், என் சிறிய தங்கையும், அயல்வீட்டு முதியவர் ஒருவரும் இருந்தனர். அரிசி மூட்டை, சுவாமிப் படங்கள், தகரப் பெட்டி, பாய் தலையணை எல்லாவற்றையும் ஏற்றவேண்டியிருந்தமையால், ஹூட்டை மடித்துப் பின்னால் தள்ளி, அதன்மேல் பெட்டியை வைத்துக் கயிற்றாற் கட்டினோம். நானும் தாயாரும் வண்டியைப் பிடித்தபடி நடந்தோம்.

செம்மணி வெளியில் மழை பிடித்துக்கொண்டது. முன்னும் பின்னும் மனிதத் திரள். ஓரடி எடுத்து வைத்தால் நெடுநேரம் நிற்கவேண்டும். நின்று நின்று சென்றதனால் எந்திரம் கொதித்து அடங்கிவிட்டது. பின்னர் தள்ளிக்கொண்டே சென்றோம். “ஹூட்டைப் போடு தம்பி” என்று அம்மம்மா இரண்டு முறை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. பெட்டியை இறக்கினாலன்றி ஹூட்டை எடுக்க இயலாது. பெட்டியை இறக்குவதற்கு வண்டியை நிறுத்தவேண்டும். நிறுத்தினால் பின்னால் வருவோர் மேலே வந்து மோதுவர். “பாலம் கடந்ததும் போடுறன் அம்மா” என்றார் அம்மான். பாலத்தைக் கடக்கும்போது பொழுது விடிந்துவிட்டது. மழையும் விட்டிருந்தது. அம்மம்மா, தங்கையைத் தம் மடியில் மறைத்தபடி நனைந்து குறண்டிப் போயிருந்தார்.

மீசாலையில் உறவினர் ஒருவரின் வீட்டில் தங்கினோம். அம்மம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. பின்பு சளி நெஞ்சிற் கட்டியது. மருந்து அரிதான காலம். மார்கழி மாதத்தில் அவர் காலமானார். அவருக்கு அப்போது எழுபத்தாறு வயது. அந்த ஆண்டில் அவ்வாறு இறந்த முதியோர் பலர். அதனால், மழையைப் பற்றியோ ஹூட்டைப் பற்றியோ எங்கள் வீட்டில் எவரும் எக்காலத்தும் பேசியதில்லை.

1996ஆம் ஆண்டு நாம் ஊர் திரும்பியபோது வண்டி ஓடும் நிலையில் இல்லை. பற்றறி இறந்துவிட்டது, ஊற்ற எண்ணெயும் இல்லை. “பிறகு வந்து எடுப்பம்” என்று அம்மான் கொட்டிலில் விட்டுவந்தார். 2000ஆம் ஆண்டில் தென்மராட்சியிலேயே போர் மூண்டு அவ்வூர் மக்களும் இடம்பெயர்ந்தனர். சாவகச்சேரி நகரம் சிதைந்தது. திரும்பி வந்த உறவினர், வீட்டின் ஓடுகள் போயிருந்தாலும் வண்டி நின்ற இடத்திலேயே நிற்பதைக் கண்டு, ஓலைக் கொட்டிலைத் தகரக் கொட்டிலாக்கினார். அம்மான் மட்டும் போய்ப் பார்க்கவேயில்லை. போவோம் என்று நாங்கள் கூறும்போதெல்லாம் அவருக்குத் தோட்டத்தில் ஏதோ வேலையிருக்கும்.

2023ஆம் ஆண்டு இறுதியில், அவ்வளவில் மகளுக்கு வீடு கட்டப்போவதாகவும், வண்டியை எடுத்துவிட வேண்டுமென்றும் உறவினர் பணிவாகச் சொல்லியனுப்பினார். திறந்த மைனர் என்றறிந்து கொழும்பிலிருந்து ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டு வந்தார். கனடாவிலுள்ள அம்மானின் மகனும் விற்றுவிடுவதே நல்லதென்று எழுதினான். எண்பத்துநான்கு வயதை எட்டிக்கொண்டிருந்த அம்மான் அன்றிரவு என்னை அழைத்து, “தம்பி, நீ அதை ஓட்டிக்கொண்டு வா. எவ்வளவு முடியுதோ அவ்வளவு காசு நான் தாறன்” என்றார். சிறிது நேரம் கழித்து, “முதலிலை ஹூட்டைச் செய்விச்சுப் போடு” என்றும் கூறினார்.

முதன்முறை கொட்டிலைத் திறந்தபோது என் நம்பிக்கை தளர்ந்தது. நான்கு ரயர்களும் சப்பி மண்ணில் அமர்ந்திருந்தன. ஆசனத்துக்குள் எலிகள் குடியிருந்தன. ஹூட்டின் துணி நூலாய்ப் பிரிந்து தொங்கியது. முன்கண்ணாடியின் மேற்சட்டத்தோடு வந்து பொருந்தும் மரத்தைக் கறையான் முற்றாய்த் தின்றிருந்தது. சாவகச்சேரியில் ஒரு காலத்தில் வாடகைக் கார்களையெல்லாம் தம் கையால் ஓடவைத்த முதிய மெக்கானிக் ஒருவரை உறவினர் அழைத்து வந்தார். அவர் வண்டியை மூன்று முறை சுற்றி வந்தார். நான் ஆவலோடு புதுப் பற்றறியொன்றை எடுத்ததைக் கண்டதும், “மாஸ்ரர், அதை வையுங்கோ. முப்பது வருசம் படுத்த மனுசனைக் கையைப் பிடிச்சு இழுத்து எழுப்புவியளோ?” என்றார்.

அவர் கூற்றின் உட்பொருள் இது. நெடுநாள் நின்ற எந்திரத்தில் பிஸ்ரனைச் சூழ்ந்த வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவினால் ஒட்டியிருக்கும். பற்றறி கொடுத்து வலிந்து சுழற்றினால் வளையம் முறியும், சுவர் கீறும். எனவே நான்கு பிளக்குகளையும் கழற்றி, துளைகளின் வழியே மெல்லிய எண்ணெயை ஊற்றி, துணியால் அடைத்துவிட்டு அவர் வீடு சென்றார். அடுத்த சனிக்கிழமையும் அதுவே. அதற்கடுத்த சனிக்கிழமையும் அதுவே. நான்காம் வாரம், முன்புறத் துளையிற் கைச்சுழலியைச் செருகி, பாரத்தைக் கொடாமல் மெல்ல அசைத்தார். விரற்கடையளவு நகர்ந்தது. “உயிர் கிடக்கு” என்றார். அன்று வேறு வேலை எதுவும் செய்யவில்லை.

மேற்பகுதியைக் கழற்றிப் பார்த்தபோது, ஐந்தாண்டு மண்ணெண்ணெயின் கதை அங்கே எழுதப்பட்டிருந்தது. வால்வுகளைச் சுற்றிக் கரி கட்டிப்போயிருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எந்திர எண்ணெயோடு கலந்து அதன் வழுக்குந் தன்மையைக் கெடுத்திருந்தது. தாங்கியின் அடியில் எஞ்சியிருந்த எண்ணெய் பிசினாய் இறுகியிருந்தது. அனைத்தையும் சுரண்டிக் கழுவி, வால்வுகளை அரைத்துப் பொருத்தினார். காபரேற்றரையும், எரிபொருளை இழுக்கும் மின் பம்பியையும் துண்டு துண்டாய்ப் பிரித்து மேசையில் வரிசையாக வைத்தார். இவ்வண்டியில் பற்றறியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்படுவது. இக்கால வண்டிகளுக்கு நேர்மாறானது. அவருடைய உதவியாளனான இளைஞன் பழக்கத்தால் மாற்றிப் பூட்டப்போக, தலையிற் குட்டு வாங்கினான்.

பௌதிகம் கற்கும் மாணவர்க்கு இனி வரும் பகுதி சுவை தரும். பழைய வண்டிகள் பலவற்றில் இரும்புச் சட்டமொன்று அடியிலிருந்து உடலைத் தாங்கும். மைனருக்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லை. தரை, பக்கங்கள், கூரை எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டியாய் நின்று பாரத்தைத் தாங்குகின்றன. மூடியுள்ள தகரப் பேணியை நெரிப்பது கடினம். மூடியை அகற்றினால் எளிது. திறந்த வண்டிக்குக் கூரை இல்லையாதலின், சில இடங்களில் மேலதிக வலு கொடுத்திருப்பர். ஆயினும் பெரும் பாரம் கதவின் கீழே முன்பின்னாக ஓடும் பெட்டிபோன்ற தகட்டு விட்டங்களின்மேல் விழுகிறது. எங்கள் வண்டியில் அவ்விரு விட்டங்களும் துருவேறிச் சல்லடையாய் இருந்தன. துருப்பிடித்த பகுதியை எடுத்தவெடுப்பிலே வெட்டினால், வண்டி நடுவில் வளைந்துவிடும்; பின்னர் கதவுகள் ஒருநாளும் பூட்டா. ஆகவே கதவு வாயில்களின் குறுக்கே இரும்புக் குழாய்களை ஒட்டி, இடைவெளிகளை அளந்து சுவரிற் குறித்துக்கொண்ட பின்பே அவர் வெட்டத் தொடங்கினார். ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கம். 1990களில் இந்நாட்டிலேயே மைனருக்கான தகட்டுப் பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய தொழில் நடந்ததுண்டு. எமக்கு வேண்டியவற்றை அவர் தம் சுத்தியலாலேயே தட்டி எடுத்தார்.

அடுத்தது பிரேக். இவ்வண்டியில் பிரேக்கின் தலைச் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியிலே, தரைத்தகட்டின் கீழ் ஒளிந்திருக்கும். அதனுள்ளிருந்த இறப்பர் கல்லாய் இறுகியிருந்தது. புதியவை கொழும்பிலிருந்து வர இரண்டு மாதஞ் சென்றது. எந்திரம் ஓடத் தொடங்கிவிட்டதால் வளவைச் சுற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமே என்றேன். முதியவர் சாவியைத் தம் மடியிற் செருகிக்கொண்டார். “ஓடாத கார் வீட்டிலை நிக்கும், மாஸ்ரர். நிக்காத கார் ஆளைச் சுடலைக்குக் கொண்டுபோகும்” என்றார். முன்சில்லுகளின் திருகு மூட்டுகளுக்குக் கிறீஸ் ஊட்டுவதிலும் அவர் அத்தகைய கண்டிப்பாளர். கிறீஸ் காணாத மைனரின் முன்சில்லு ஓடும்போதே மடிந்து விழும் என்பதை அவர் நேரிற் கண்டவர்.

இத்தனைக்கும் இடையில், ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் நான் வீடு திரும்பியதும் அம்மான் கேட்பது ஒன்றே: “ஹூட் என்னமாதிரி?” எந்திரம் முதன்முதலாய்ப் புகைந்து இருமி உயிர்பெற்ற நாளன்று, அவ்வோசையை என் தொலைபேசியிற் பதிந்து வந்து கேட்பித்தேன். முகம் மலர்ந்து கேட்டார். பின்னர், “அது சரி, ஹூட்?” என்றார். உடல் வேலையும் பூச்சும் முடிந்த பின்பே ஹூட் பொருத்துவது முறை. முன்னரே போட்டால் தீப்பொறி பட்டு எரிந்துவிடும் என்று மெக்கானிக் கூறியதை எடுத்துச் சொன்னேன். முதுமையினால் வந்த பிடிவாதம் என்று எண்ணி, ஒருநாள் சற்றுக் கடுமையாகவும் பேசிவிட்டேன். “நல்ல வெயில் காலத்திலை ஹூட் எதுக்கு மாமா?” என்று கேட்டேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த இரு வாரமும் அவர் எதுவும் கேட்கவுமில்லை. அவ்வமைதி எனக்கு உறுத்தலாயிருந்தது. ஆயினும் காரணம் விளங்கவில்லை. பதினைந்து வயதில் அவ்வண்டியைப் பிடித்தபடி நடந்தவன் நான், எனக்கே விளங்கவில்லை.

ஆனி மாத முடிவில் ஹூட் வேலை தொடங்கியது. கறையான் தின்ற மரத்துக்குப் பதிலாக, அதே வளவில் முன்பு விழுந்த பலா மரத்தின் வைரத்தில் மீசாலைத் தச்சர் ஒருவர் புதியது இழைத்துத் தந்தார். இரும்பு வளைவுகளைத் துருநீக்கிப் பூச்சிட்டோம். சாவகச்சேரியில் குஷன் வேலை செய்பவர் பழைய துணியின் கந்தல்களை நிலத்தில் விரித்து அளவெடுத்து, தடித்த கறுப்புத் துணியில் தைத்தார். இருமுறை பிரித்துத் தைத்தபின் அது மேளத் தோல்போல் இறுகி நின்றது. முன்கண்ணாடிச் சட்டத்தில் இரு கொளுவிகளை மாட்டினால் பூட்டிக்கொள்ளும்.

பின்புறத்தில் ஒன்று எஞ்சியிருந்தது. 1995இல் தகரப் பெட்டியின் விளிம்பு அழுத்திய நீண்ட பள்ளம் தகட்டில் தெரிந்தது. அதனைத் தட்டி நிமிர்த்த மெக்கானிக் சுத்தியலை எடுத்தபோது, அம்மானைக் கேட்டுச் செய்வோம் என்று தடுத்தேன். தொலைபேசியில் அவர், “அது கிடக்கட்டும்” என்றார். அதன்மேலேயே பூச்சிட்டோம்.

ஆவணி மாதத்து ஞாயிறொன்றில் வண்டியை ஊருக்கு எடுத்துச் செல்ல நாட் குறித்தோம். இருபத்தெட்டு ஆண்டுகளின் பின் அன்றுதான் அம்மான் மீசாலைக்கு வந்தார். கொட்டில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், வண்டியின் முன்மூடியைத் தடவிப் பார்த்தார். பின்பு உறவினரின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசாமல் நின்றார். தேங்காய் உடைத்து, நான்கு சில்லுகளின் கீழும் தேசிக்காய் வைத்து, பிள்ளையாரை நினைந்து புறப்பட்டோம். நான் ஓட்டினேன்; அம்மான் என் இடப்பக்கத்தில் அமர்ந்தார். மெக்கானிக் தம் கருவிப் பெட்டியுடன் மோட்டார்ச் சைக்கிளிற் பின்தொடர்ந்தார். ஹூட் மடித்தபடி பின்னால் இருந்தது.

மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டலாகாது என்பது மெக்கானிக்கின் கட்டளை. அதுவும் நன்மைக்கே. சாவகச்சேரிச் சந்தையடியில் சிறுவர்கள் கை காட்டினர். முதியவர் ஒருவர் சைக்கிளை விட்டிறங்கி நின்று பார்த்தார். கைதடியில் தோப்புகளின் நிழல் எங்கள் மடிமேல் விழுந்து விழுந்து போயிற்று. கூரையில்லாத வண்டியில் செல்வோனுக்கு வழியிலுள்ள ஊரெல்லாம் மணத்தாலே தெரியும்: பழுத்த பலா, ஈர மணல், பின்பு கடல்நீரேரியின் சேற்று மணம். எந்திரச் சூட்டில் எங்கோ ஒரு மூலையிலிருந்து பழைய மண்ணெண்ணெயின் வாடையும் மெல்ல எழுந்தது. எத்தனை கழுவியும் அது போகவில்லை.

நாவற்குழிப் பாலத்தைக் கடந்ததும், “தம்பி, கரையிலை நிப்பாட்டு” என்றார் அம்மான். வண்டியில் ஏதோ கோளாறென்று நினைத்து நிறுத்தினேன். நண்பகல் வெயில் செம்மணி வெளியில் கானலாய் ஓடியது. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. அவர் இறங்கி, பின்னாசனத்தில், இடப்பக்க மூலையில் போய் அமர்ந்தார். அம்மம்மா இருந்த இடம் அது.

“ஹூட்டைப் போடு” என்றார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் வந்த மெக்கானிக்கும் நானுமாக வளைவுகளைத் தூக்கி, துணியை இழுத்து, பலா மரச் சட்டத்தை முன்கண்ணாடியோடு பொருத்திக் கொளுவிகளை மாட்டினோம். உள்ளே இருள் கவிந்தது. அம்மான் கையை உயர்த்தி, தலைக்கு மேலிருந்த துணியை உட்புறமிருந்து ஒருமுறை தொட்டார்.

“மூண்டு நிமிசங்கூடச் செல்லேல்லை” என்றார்.

அவ்வளவே. அந்த வார்த்தையைக் கேட்ட பின்புதான், எட்டு மாதமாய் அவர் என்னிடம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கிற்று. அன்றிரவு பின்னால் வந்த கூட்டம் எங்களை மூன்று நிமிடம் பொறுத்திருக்குமா? பெட்டியை இறக்கி ஏற்ற எவ்வளவு நேரம் சென்றிருக்கும்? அன்றைய நெரிசலை அறிந்தவன் என்ற முறையில், அது இயலாத காரியம் என்று அவருக்குக் கூறலாமென எண்ணினேன். ஆனால் அந்தக் கணக்கை அவர் இருபத்தெட்டு ஆண்டுகளாய்ப் போட்டுப் பார்த்திருப்பார். என்னுடைய விடை அவருக்கு வேண்டியதில்லை. எந்திரத்தை முடுக்கினேன். வந்த வழியிலேயே, எதிர்த் திசையில், செம்மணி வெளியைக் கடந்து ஊருக்குள் நுழைந்தோம்.

வண்டி இப்போது கோண்டாவில் வீட்டு முன்றிலில் நிற்கிறது. பிள்ளைகள் ஏறினால் ஹூட்டை மடித்துவிடச் சொல்வார்கள். அம்மானும், “மடி, மடி, காத்துப் பிடிக்கட்டும்” என்பார். பாட்டனார் குரல்போலவே இருக்கும். அந்தப் பாலத்தடியில் மட்டும் ஒருநாள் அவருக்கு அது மூடியிருக்கவேண்டியிருந்தது.

நம்மவர் வளவுகளில் இன்னும் எத்தனையோ கொட்டில்களில் ஒஸ்ரினும் மொறிசும் உறங்குகின்றன. இருப்பவற்றுள் ஒன்று உங்களுடையதாயின், பற்றறியோடு ஓடாதீர்கள். முதலில் பிளக்குகளைக் கழற்றி எண்ணெய் விடுங்கள்; பொறுத்திருங்கள்; ஓடவைப்பதற்கு முன் நிறுத்த வழி செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் அந்த வண்டியில் ஏதேனும் ஒன்றைக் குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்பாராயின், அதனை முதுமையின் பிடிவாதம் என்று நான் நினைத்ததுபோல் நினைத்துவிடாதீர்கள். அவர் கேட்டதை முதலிற் செய்ய இயலாவிடினும், ஏன் கேட்கிறார் என்று ஒருமுறை அருகில் அமர்ந்து கேளுங்கள். நான் அதைக் கேட்காமலே எட்டு மாதம் மீசாலைக்குப் போய்வந்தேன்.